பச்சைப் பலகையும் பதிவேடும்

வானொலிப் பெட்டியானாலும் சரி, தொலைக்காட்சியானாலும் சரி, குடிநீர் சுத்திகரிக்கும் கருவியானாலும் சரி, மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு பச்சைப் பலகை தென்படும். ஊர்ப் படத்தில் தெருக்கள் ஓடுவதுபோல் அதன்மேல் கோடுகள் ஓடும். கோடுகளின் முனைகளில் ஈயம் வைத்த புள்ளிகள் மின்னும். கடைத்தெருவில் இதைப் ‘போர்டு’ என்பார்கள், படித்தவர்கள் பி.ஸி.பி. என்பார்கள், அச்சிட்ட மின்சுற்றுப் பலகை என்று தமிழில் சொல்லலாம்.

மும்பையில் வாழும் நம்மவர் இல்லங்களில் இப்பொழுது டிப்ளமாப் படிப்பு முடித்த பிள்ளைகள் பலர் இருக்கின்றனர். அவர்களில் சிலர், பிறரிடம் கைகட்டி நிற்காமல் சொந்தமாக ஒரு சாதனம் செய்து விற்க வேண்டும் என்று விரும்புகின்றனர். பெற்றோர் எங்களிடம் வந்து, “உங்கள் வீட்டில் செய்தீர்களே, எவ்வளவு பணம் பிடிக்கும், எத்தனை மாதம் ஆகும்?” என்று கேட்கின்றனர். பணத்தையும் மாதத்தையும் பின்னால் சொல்கிறோம். பலகையை வரையக் கற்றுக்கொள்வது அத்துணைக் கடினமன்று என்பதையும், வரைந்ததை ஒழுங்காக நடத்திக் கரை சேர்ப்பதுதான் கடினம் என்பதையும் முதலில் சொல்லிவிடுவது நலம்.

பலகை தோன்றுவதற்கு முன் வானொலிப் பெட்டிக்குள் கம்பிகளைக் கையாலேயே ஒன்றோடொன்று இணைத்து வந்தனர். பழைய வால்வு ரேடியோவைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் குருவிக்கூடு நினைவிருக்கும். பால் ஐஸ்லர் என்பவர் லண்டனில் 1936-இல் அச்சிட்ட சுற்று ஒன்றை வைத்து வானொலிப் பெட்டி செய்து காட்டினார். 1943-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இலக்கை நெருங்கியதும் தானே வெடிக்கும் பீரங்கிக் குண்டுகளில் அமெரிக்கர்கள் இம்முறையை இரண்டாம் உலகப் போரின்போது பயன்படுத்தினர். போர் முடிந்தபின் 1948-இல் அது பொதுத் தொழில்களுக்குத் திறந்து விடப்பட்டது.

செய்யும் முறை இதுதான். கண்ணாடி நூல் துணியில் எபாக்ஸிப் பசையை ஊட்டி இறுக்கிய தகடு ஒன்றை எடுத்துக்கொள்கின்றனர். அதன் பருமன் வழக்கமாக 1.6 மில்லிமீட்டர். அதன் இருபுறமும் 35 மைக்ரான் பருமனுள்ள தாமிரத் தாள் ஒட்டியிருக்கும். ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். துளையிட்டு, துளைக்குள்ளும் தாமிரம் படியச் செய்து, வேண்டிய கோடுகளை ஒளியின் உதவியால் மூடிவிட்டு, வேண்டாத தாமிரத்தை இரசாயனத்தில் கரைத்து விடுகின்றனர். பின்னர் பச்சை வார்னிஷ் பூசி, ஈயம் பூசி அனுப்புகின்றனர். கல்லில் வேண்டாததைச் செதுக்கித் தள்ளிச் சிலை எடுப்பது போன்ற வேலை. கரைத்த தாமிரத்தை மீண்டும் ஒட்டவைக்க முடியாது என்பதை மனத்திற் கொண்டால், இனி நாங்கள் சொல்லப்போகும் கட்டுப்பாடுகள் எதற்காக என்பது விளங்கும்.

எங்கள் தம்பி செய்தது தண்ணீர்ப் பம்பை இயக்கும் கருவி. மும்பையில் மாநகராட்சித் தண்ணீர் குறித்த நேரத்தில்தான் கீழ்த்தொட்டிக்கு வரும். அங்கிருந்து மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். கீழே தண்ணீர் இருந்து மேலே குறைந்தால் பம்பு ஓடவேண்டும். மேலே நிறைந்தாலோ கீழே வற்றினாலோ நிற்கவேண்டும். காவற்காரர் தூங்கினாலும் வேலை நடக்கும். எளிய கருவிதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பலகையின் ஒரு பாதியில் 230 வோல்ட் மின்சாரம் வருகிறது. மறுபாதியிலிருந்து புறப்படும் கம்பிகள் தொட்டித் தண்ணீருக்குள் தொங்குகின்றன. அந்தத் தண்ணீரில்தான் நூறு குடும்பங்கள் குளிக்கின்றன. ஒரு பாதியின் மின்சாரம் மறுபாதிக்குத் தாவிவிட்டால் என்ன ஆகும் என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

முதற் பலகை 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் வீட்டிலிருந்தபடியே வரைந்தது. வரைவதற்குக் கிகாட் என்ற மென்பொருள் இருக்கிறது, விலை ஏதுமில்லை. பிரான்ஸ் நாட்டில் ழான்-பியேர் ஷரா என்பவர் 1992-இல் தொடங்கிய இம்முயற்சிக்கு, ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடம் 2013 முதல் துணை நின்றது. உதிரிப் பாகங்களைக் கிராண்ட் ரோடு ஸ்டேஷனுக்கு அருகிலுள்ள லாமிங்டன் சாலையில் வாங்கினோம். மாதிரி நன்றாக ஓடியது. 2021-இல் கட்டிடங்களைப் பராமரிக்கும் காண்டிராக்டர் ஒருவர் நூறு கருவிகள் கேட்டார். அம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயின. பாகங்கள் 430 ரூபாய், வெறும் பலகை 55, ஈயம் வைக்கும் கூலி 35 என ஒவ்வொன்றுக்கும் 520 ரூபாய் ஆயிற்று. மொத்தம் 52,000.

நூறு பலகைகளும் பாகங்கள் பொருத்தப்பட்டு வந்து சேர்ந்தன. பெட்டிக்குள் வைத்தால் ஒன்றும் உட்காரவில்லை! பெட்டி செய்து தந்தவர் இடையில் தம் அச்சை மாற்றியிருந்தார். திருகாணித் தூண்கள் மூன்று மில்லிமீட்டர் நகர்ந்திருந்தன. தம்பியிடம் அவர் முன்பு கொடுத்திருந்த படமோ பழைய அச்சின் படம். மாற்றியதை அவர் சொல்லவில்லை. மாற்றமிருந்தால் தெரிவிக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருந்த தாளும் கிடையாது.

“புதுத் துளை போட்டுவிடலாம், அண்ணா” என்றான் தம்பி. போட்டிருக்கலாம். ஆனால் புதுத் துளையில் இறங்கும் இரும்புத் திருகாணி 230 வோல்ட் கோட்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் தூரத்தில் நிற்கும் என்று அளந்தபோது தெரிந்தது. வேறு பெட்டி தேடினோம். கிடைத்தது பெரிய பெட்டி. ஒன்றுக்கு 110 ரூபாய் அதிகம். காலம் கடந்துவிட்டதென்று காண்டிராக்டர் அறுபதை மட்டும் எடுத்துக்கொண்டார். அதிலும் விலையைக் குறைத்தார். வளையல்கள் மேலும் பதினான்கு மாதம் அடகிலேயே கிடந்தன. தம்பி தாணேயில் ஒரு பழுதுபார்க்கும் நிலையத்தில் வேலைக்குச் சேர விண்ணப்பம் எழுதி, மேசை மேல் வைத்திருந்தான்.

நாங்கள் படித்தது மெட்ரிக் வரை. பார்ப்பது ரெயில்வே சாமான் கிடங்கில் எழுத்து வேலை. மின்னணுவியலில் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆயினும் இந்தப் பெட்டி விவகாரம் எங்களுக்குப் புதிதாகத் தோன்றவில்லை. கிடங்கில் நாள்தோறும் பார்ப்பதுதானே! ரெயில்வேயில் ஒரு சிறு ரப்பர் வளையத்துக்குக்கூட எட்டு இலக்க எண் உண்டு. எழுதும்போது இலக்கம் பிறழ்ந்தால் காட்டிக் கொடுப்பதற்காகவே எட்டாவது இலக்கத்தை வைத்திருக்கிறார்கள். லட்சுமணபுரியில் 1957-இல் அமைந்த ஆர்.டி.எஸ்.ஓ. நிறுவனம் வெளியிடும் வரைபடங்களின் மூலையில், படத்தின் எண்ணுடன் அது எத்தனையாவது திருத்தம் என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். ‘ஆல்ட் 3’ என்று கேட்ட இடத்தில் ‘ஆல்ட் 2’ படத்தைப் பார்த்துச் செய்து அனுப்பினால், பொருள் எவ்வளவு அழகாயிருந்தாலும் திருப்பி அனுப்பப்படும். இந்தத் திருத்த எண்ணைப் பார்த்துப் பார்த்தே எங்கள் கண் பழகியிருக்கிறது.

ஆகவே ஒரு நீளப் பதிவேடு வாங்கி, தம்பியின் தொழிலுக்குக் கணக்கெழுத உட்கார்ந்தோம். (ரெயில்வே ஊழியர் தனி வியாபாரம் செய்யலாகாது என்பது 1966-ஆம் ஆண்டு நடத்தை விதி. தொழில் தம்பியின் பெயரில் உள்ளது. குடும்பத்தில் ஒருவர் தொழில் நடத்துகிறார் என்பதை அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். எங்களுக்கு ஊதியம் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு தம்ளர் மோர்.) தம்பிக்கு இது பிடிக்கவில்லை. “இது என்ன அண்ணா, சர்க்கார் ஆபீஸா? நான்கு பேர் வேலைக்கு நாற்பது கையெழுத்தா?” என்று கேட்டான். அவன் மனைவிதான் பாகங்களின் பட்டியலை எழுதும் பொறுப்பை முதலில் ஏற்றுக்கொண்டாள்.

பதிவேட்டின் முதற் பக்கத்தில் படம் எதுவும் இல்லை. கருவி என்ன செய்யவேண்டும், எந்த வோல்ட்டேஜ், பம்பு அறையின் ஈரமும் வெப்பமும் எவ்வளவு, எந்தப் பெட்டி, விலை எதற்கு மேல் போகலாகாது என்பவற்றை எழுதினோம். ‘மின்சாரப் பக்கத்துக்கும் தண்ணீர்ப் பக்கத்துக்கும் இடையே ஆறு மில்லிமீட்டருக்குக் குறையாத வெற்றிடம்’ என்ற வரி அங்கேதான் ஏறியது. இந்தப் பக்கத்தில் கையெழுத்தான பின்தான் சுற்றுப் படம் தொடங்கும்.

சுற்றுப் படம் முடிந்ததும் அதை வரையாத ஒருவர் பார்க்க வேண்டும் என்று வைத்தோம். வேறு ஆள் இல்லாததால் நாங்களே பார்த்தோம். சுற்று புரியாவிட்டாலும், படத்திலுள்ள ஒவ்வொரு குறிக்கும் பட்டியலில் ஒரு வரி இருக்கிறதா என்று ஒப்பிடலாம் அல்லவா? “இந்தக் கண்டென்ஸர் படத்தில் இருக்கிறது, பட்டியலில் இல்லையே?” என்று கேட்டால் தம்பி சற்று நேரம் பேசமாட்டான், பிறகு பென்சிலை எடுப்பான். விஷயம் தெரிந்தவன் கண் தவறைத் தாண்டிப் போய்விடும். தெரியாதவன் ஒவ்வொரு படியாக ஏறுவதால் அதில் தடுக்கி விழுவான். சரிபார்க்க உட்காருபவருக்கு இந்த அறியாமையும் ஒரு தகுதியே.

பாகங்களை வாங்க முடியுமா என்று பார்க்காமல் கோடு இழுக்கத் தொடங்குவது பெருந்தவறு. 2021, 2022 ஆண்டுகளில் உலகமெங்கும் ஐ.ஸி.க்களுக்குப் பஞ்சம் ஏற்பட்டது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். கார்த் தொழிற்சாலைகளே உற்பத்தியைக் குறைத்தன. முன்பு எண்பது ரூபாய்க்கு நாங்கள் வாங்கிய ஐ.ஸி.க்கு அப்பொழுது எண்ணூறு ரூபாய் கேட்டார்கள். அதுவும் அசல்தானா என்பது கடைக்காரருக்கே வெளிச்சம். ஆகவே பட்டியலில் ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே, அது கிடைக்காவிட்டால் அதே துளைகளில் பொருந்தும் மாற்றுப் பாகம் எது என்று எழுதினோம். மாற்று இல்லாதவற்றின் எதிரே சிவப்பு மை. சிவப்பு வரிகள் மூன்றுக்கு மேல் இருந்தால் படம் திரும்பிப் போகும்.

பெட்டியைப் பொறுத்தவரை, பெட்டிக்காரர் தரும் தாளை நம்புவதை விட்டோம். கையில் இருக்கும் பெட்டியை வெர்னியர் கொண்டு அளக்கிறோம். பாகங்களின் இடங்களை நிர்ணயித்ததும், பலகையின் படத்தை உள்ளது உள்ள அளவில் காகிதத்தில் அச்சிட்டு, அட்டையில் ஒட்டி, ஊசியால் துளைத்து, உண்மைப் பாகங்களை அதில் செருகிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கிறோம். செலவு இரண்டு ரூபாய். 2021-இல் இதைச் செய்திருந்தால் பெட்டி மாறியது ஒரே நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

கோடு இழுப்பதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது தம்பியின் கலை. மென்பொருளில் விதிகளைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. ஆனால் நாம் சொல்லிவைத்த விதியைத்தான் அது பார்க்கும். சொல்லாததை அது அறியாது. ஆறு மில்லிமீட்டர் என்று எழுதி வைத்தால்தான் ஐந்தரையைக் கண்டு கூவும்.

இறுதியாகத் தொழிற்சாலைக்கு அனுப்பும் கோப்புக்குக் கெர்பர் என்று பெயர். அது ஜோஸப் கெர்பர் என்பவரின் பெயர். படம் தீட்டும் யந்திரங்களுக்காக அவர் நிறுவனம் வகுத்த முறை உலகப் பொது முறையாகிவிட்டது. மேலே சொன்ன ஐஸ்லரும் இந்தக் கெர்பரும் வியன்னா நகரத்தில் பிறந்தவர்கள். இருவருக்கும் சொந்த ஊரில் அமைதியான வாழ்வு இல்லாமற் போயிற்று. ஒருவர் லண்டனுக்கும் ஒருவர் அமெரிக்காவுக்கும் பிழைக்கப் போனார்கள். ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இதைப் படித்தபோது ஒரு தனி மகிழ்ச்சி. அது நிற்க. கெர்பர் கோப்பை வேறொரு மென்பொருளில் திறந்து, அடுக்கடுக்காகப் பார்த்து, துளைகளை எண்ணி, பட்டியலோடு ஒப்பிட்ட பிறகு அதற்கு ஒரு திருத்த எண் தருகிறோம். அதே எண் பலகையின் தாமிரத்திலும் பொறிக்கப்படும். எண் கொடுத்த கோப்பை எவரும் தொடக்கூடாது. ஒரு புள்ளியை மாற்றினாலும் அடுத்த எண். பழைய கோப்புகளை அழிப்பதுமில்லை.

முதலில் ஐந்து பலகைகள் மட்டுமே வரவழைப்போம். அவற்றுக்குச் சுமார் 1,800 ரூபாயும் எட்டு நாளும் ஆகும். ‘எட்டு நாள் வீண்’ என்று காண்டிராக்டர்கள் முகம் சுளிப்பார்கள். அட்டையில் கண்ட பிழைக்கு இரண்டு ரூபாய், மாதிரியில் கண்ட பிழைக்கு 1,800, நூறு பலகையில் கண்ட பிழைக்கு 52,000 என்று எங்கள் பதிவேட்டிலேயே கணக்கு இருக்கிறது.

இவ்வளவும் ஒழுங்கான பிறகு 2022-இல் ஒரு சோதனை வந்தது. அவ்வாண்டு விநாயக சதுர்த்தி ஆகஸ்டு 31-இல். அதற்கு முன் முந்நூறு கருவிகள் வேண்டும் என்று அதே காண்டிராக்டர் வந்தார். முன்பணம் பாதி. வளையல்களை மீட்டுவிடலாம், தம்பியின் விண்ணப்பத்தைக் கிழித்துப் போடலாம். ஆனால் எங்கள் பட்டியலில் இருந்த ரிலே கிடைக்கவில்லை. பம்பின் கண்டாக்டரை இயக்குவது அந்த ரிலேதான். மின்சாரப் பக்கமும் தண்ணீர்ப் பக்கமும் எதிரெதிரே நிற்கும் இடமும் அதுதான். அந்த ரிலேயில் சுருளின் முனைகள் ஒரு கோடியிலும், 230 வோல்ட் முனைகள் மறுகோடியிலும் இருந்தன.

கடைத்தெருவில் ‘ஷுகர் க்யூப்’ எனப்படும் சிறு ரிலே எங்கும் மலிவாகக் கிடைத்தது. அதில் 230 வோல்ட் வரும் பொதுமுனை, சுருளின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் இருக்கும். தம்பி இரண்டு இரவு விழித்து அதற்கேற்பப் பலகையைத் திருத்தி வரைந்தான். சரிபார்ப்பில் இடைவெளி நாலு மில்லிமீட்டருக்கும் குறைவு என்று வந்தது. “ஊரெல்லாம் இந்த ரிலே ஓடுகிறது, அண்ணா. யாருக்கு என்ன ஆயிற்று?” என்றான். ஊரெல்லாம் ஓடுவது உண்மைதான். விளக்கைப் போட்டு அணைக்கும் கருவிகளில் அது பாதகமில்லாமல் ஓடலாம். அவற்றின் கம்பிகள் குடிதண்ணீரில் தொங்குவதில்லை.

அன்றிரவு வாக்குவாதம் நடந்தது. நீண்ட நேரம் நடந்தது. இறுதியில் பதிவேட்டைத் திறந்து அவன் முன் வைத்தோம். முதற் பக்கத்தில் ஆறு என்று எழுதியிருப்பதை நான்கு என்று மாற்றவேண்டுமானால், மாற்றி, காரணம் எழுதி, கையெழுத்திட வேண்டும். மாற்ற அவனுக்கு உரிமை உண்டு, தொழில் அவனுடையது. தம்பி பேனாவை எடுத்தான். காரணம் என்ற கட்டத்தில் ‘ரிலே கிடைக்கவில்லை’ என்று எழுதினான். கையெழுத்திடும் கட்டம் வந்தது. சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பேனாவை மூடினான். எழுதிய வரியை அடித்துவிட்டுப் படுக்கப் போய்விட்டான்.

முந்நூறு கருவிகளும் வேறொருவருக்குப் போயின. அவர் எந்த ரிலே போட்டார் என்று நாங்கள் கேட்டு அறியவில்லை. அந்தக் கட்டிடங்களில் விபத்து எதுவும் நடந்ததாக நாங்கள் கேள்விப்படவும் இல்லை. “அன்று விட்டது விட்டதுதான்” என்று தம்பி இன்றும் எப்பொழுதாவது சொல்வதுண்டு. அவன் சொல்வதில் நியாயம் இல்லை என்று எங்களால் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பக்கத்தை அவன் கிழிக்கச் சொன்னதில்லை. 2023-இல் பழைய ரிலே மீண்டும் கிடைத்தது. இரண்டாம் திருத்தம் ரிலேயின் அடியில் நீளப் பிளவு ஒன்று வெட்டப்பட்டு, ஈரம் தாவாதபடி வார்னிஷ் பூச்சுடன் வெளிவந்தது. பத்தும் இருபதுமாக விற்கிறது. வளையல்கள் வீடு திரும்பின. தாணே விண்ணப்பம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

நடுவில் தெரிந்துகொண்ட ஒன்றைப் புதியவர்களுக்காகச் சொல்லிவிடுகிறோம். தொட்டியில் தொங்கும் கம்பிகளில் ஒரே திசையில் மின்சாரம் ஓயாமல் பாய்ந்தால், சில மாதங்களில் ஒரு கம்பி அரித்துத் தேய்ந்துபோகும். தண்ணீரிலும் கசடு சேரும். திசை மாறி மாறிப் பாயச் செய்து, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் போட்டால் நெடுநாள் வரும். ஒரு கட்டிடத்துக் காவற்காரர் தேய்ந்த கம்பியைக் கழற்றிக் கொண்டுவந்து காட்டியதால்தான் இது பதிவேட்டில் ஏறியது. மாதிரியை மேசை மேல் மட்டும் ஓட்டிப் பார்த்தால் இவை தெரியவே மாட்டா.

இனிப் பணமும் மாதமும். எங்களைப்போல் இரண்டு அடுக்குப் பலகையும் முப்பது, நாற்பது பாகங்களும் உள்ள சிறு சாதனமானால், முதற் பக்கத்திலிருந்து நூறு பலகை கைக்கு வரும்வரை ஐந்தாறு மாதம் வையுங்கள். அதில் கோடு இழுப்பது மூன்று வாரம்தான். மாதிரிகள் இரண்டு முறையாவது வரும் என்று கணக்கிட்டு அதற்கான பணத்தை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். பாகங்களை நூறாக வாங்கும் பணத்தை, மாதிரி ஒரு மழைக்காலம் பார்க்கும்வரை பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டாம்.

மூன்றாம் திருத்தத்தின் மாதிரிகள் ஐந்தும் சென்ற செவ்வாய்க்கிழமை வந்தன. கம்பிகளை இறுக்கும் இடம் சிறிதாயிருக்கிறது என்று எலக்ட்ரீஷியன்கள் குறை சொன்னதால் இந்தத் திருத்தம். பதிவேட்டை எப்படிக் கோடு போட்டு எழுதுவது என்று பார்க்க விரும்பும் அன்பர்கள் எந்த ஞாயிற்றுக்கிழமை மாலையும் சங்கக் கட்டிடத்துக்கு வரலாம். புத்தகத்தைக் கொண்டுவருகிறோம், தம்பியையும் அழைத்துவருகிறோம்.